ராமுத்தாய்க்கு வர வேண்டிய வாடகை

“என் வாடகைக் காசு எங்க?”

ராமுத்தாய் வாசப்படியில நின்னு கேட்டது இவ்வளவுதான். மொத்தமும் அங்கேயே கவுந்துடுச்சு.

ஜூலை கடைசி ஞாயித்துக்கிழமை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கிற அந்த டேக்ஸ் கடையில கால் வைக்க இடமில்ல. மாசம் முழுக்க எட்டிப் பார்க்காதவங்க எல்லாம் கடைசி வாரத்துலதான் வருமான வரிக் கணக்கு போட ஓடி வருவாங்க. வாத்தியார், லைன்மேன், நர்ஸு, மில்லு ஆபீஸ் ஆளு, கூடவே பொண்டாட்டி, கைக்குழந்தை. ஃபேன் சுத்துது, காத்துதான் வரல. எல்லார் கையிலயும் ஆதார் ஜெராக்ஸ் விசிறியா ஆடிட்டு இருக்கு.

அது அத்தனையும் அப்படியே நின்னுச்சு. வரி கட்டுற கடையில வந்து வாடகை கேக்குற ஆளை அங்க யாரும் பார்த்ததில்ல.

டேபிள்ல உக்காந்திருந்த அய்யலுசாமிக்கு மட்டும் புரிஞ்சுபோச்சு. காது ரெண்டும் சூடாயிடுச்சு.

அய்யலுசாமி அந்தக் கடையில சிஷ்யன். வயசு அம்பத்தேழு. ஸ்பின்னிங் மில்லுல டைம் கீப்பரா இருந்தவர், விஆர்எஸ் வாங்கிட்டு வந்து இந்த வேலையைக் கத்துக்கிட்டு இருக்கார். கத்துக்குடுக்கிறது குருவம்மாள். வயசு முப்பத்தஞ்சு, அவர் மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவங்க. பேர்லயே குரு இருக்கிறதால, குருவேன்னு கூப்பிட அவருக்குக் கூச்சமே வரல. அவங்க பதிலுக்கு அண்ணாச்சிம்பாங்க.

அய்யலுசாமி ஆளு படு சூட்டிகை. ஃபார்ம் பதினாறை, அதான் ஆபீஸ்ல குடுக்கிற சம்பள-வரிச் சீட்டை, கையில வாங்கினார்னா எந்தக் கட்டத்துல எது போகும்னு விரலு தன்னால ஓடும். அதுலயும் ரீஃபண்ட் வந்துச்சுன்னா கேக்கவே வேண்டாம். கட்டின வரியில கொஞ்சம் திரும்பி வரும்னு கம்ப்யூட்டர் பச்சை எழுத்துல காட்டும் பாருங்க, அதைப் பார்த்ததும் வந்தவனைவிட இவருக்குத்தான் முகம் மலரும். நாற்காலியில லேசா ஒரு குதி குதிப்பார். சொந்தக் காசு வர்ற மாதிரி.

ஆனா ஒரு குறை இருந்துச்சு அவருக்கு. எல்லாத்தையும் போடலாம், கடைசியில சப்மிட் பட்டனை மட்டும் அமுக்கக் கூடாது. அது குருவம்மாள் வேலை.

அதுலயும் அவங்க நேரா அமுக்க மாட்டாங்க. முதல்ல வாசிப்பாங்க.

அந்தக் கடையோட வழக்கமே அது. வேற எந்தக் கடையிலயும் கிடையாது. கணக்கு போட்டு முடிச்சதும் அந்த வீட்டு ஆளுங்களை உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், கதவைச் சாத்திட்டு, மொத்தத்தையும் தமிழ்ல சத்தமா வாசிப்பாங்க. அதுவும் அந்த ஆளே பேசுற மாதிரி. ‘நான் இன்னார். போன வருஷம் இவ்வளவு சம்பாதிச்சேன். பொண்டாட்டி பேர்ல இவ்வளவு போட்டு வெச்சிருக்கேன். புள்ளைக்கு ஃபீஸு இவ்வளவு கட்டினேன்.’ இப்படி.

அய்யோ, அந்த ரூம்ல நடக்குற கூத்து இருக்கே.

ஒரு லைன்மேன், வாசிப்பு ஆரம்பிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் பொண்டாட்டியை அவசரமா மல்லிகைப்பூ வாங்க அனுப்பிட்டார். குருவம்மாள் தண்ணி குடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. பூவோட அந்தம்மா திரும்பி வந்ததும்தான் ஆரம்பிச்சாங்க. ஓவர்டைம் காசு எவ்வளவுன்னு அந்தம்மா அன்னிக்குத்தான் கேட்டது. பூவைத் தலையில வைக்கவே இல்ல, கையிலயே பிடிச்சுக்கிட்டு கேட்டுச்சு.

இன்னொரு தடவை புருஷனும் பொண்டாட்டியும் வாத்தியாருங்க. ரெண்டு பேர் கணக்கையும் அடுத்தடுத்து வாசிச்சா, ஒரே புள்ளைக்கு அவரும் ஃபீஸ் கட்டியிருக்கார், அவங்களும் கட்டியிருக்காங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. விசாரிச்சா, ஃபீஸ் கட்டினது அந்த டீச்சரம்மாவோட அப்பா.

இவ்வளவு கூத்து பார்த்தும் அய்யலுசாமிக்கு அது நேர விரயமாத்தான் பட்டுச்சு. ஒரு வீட்டுக்கு வாசிக்கிற நேரத்துல இன்னும் ரெண்டு வீட்டுக் கணக்கை முடிச்சுடலாமே. ஒரு நாள் வாயை விட்டே கேட்டுட்டார்.

“குருவே, நான் எப்ப நானே சப்மிட் அமுக்குறது?”

“வாசிச்சு முடிச்சதும் அமுக்கலாம் அண்ணாச்சி.”

“எனக்குத்தான் நல்லா வாசிக்க வருமே.”

குருவம்மாள் சிரிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. அவருக்கு அது பதில் மாதிரியே தெரியல.

அப்புறம் ஜூலை நடுவுல ஒரு நாள், குருவம்மாள் தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்து. கழுகுமலைக்குப் போயிட்டாங்க. கடை அய்யலுசாமி கையில. கணக்கைப் போட்டு மட்டும் வைங்க, சாயங்காலம் வந்து நான் வாசிக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க.

அன்னிக்குன்னு பார்த்து வந்தான் பொன்பாண்டி.

சிமெண்ட் கம்பெனியில சேல்ஸ் ஆபீசர். வண்டியை ஆஃப் பண்ணாமலே பேசுற ரகம். வரி நிறைய பிடிச்சுட்டாங்க, எதையாச்சும் போட்டு ரீஃபண்ட் வர வைங்க அண்ணாச்சின்னு ஃபார்ம் பதினாறை நீட்டினான். அய்யலுசாமிக்குக் கை பரபரன்னு வந்துடுச்சு. சொந்த வீடான்னு கேட்டார். அம்மா பேர்ல இருக்குன்னான். அம்மாகிட்ட பான் கார்டு இருக்கான்னார். இருக்குன்னான். அப்புறம் என்ன, அம்மாவுக்கு மாசாமாசம் வாடகை குடுக்கிறதா போட்டார். வரி கொறைஞ்சுச்சு. அம்மாவுக்கு உடம்பு செக்கப் பண்ணினதா ஒரு வரி போட்டார். இன்னும் கொறைஞ்சுச்சு. கோயில் திருப்பணிக்கு நன்கொடைன்னு ஒண்ணு. பச்சை எழுத்து வந்துடுச்சு.

ரெண்டு பேரும் கை குலுக்கிக்கிட்டாங்க. பொன்பாண்டி ஓடிப்போய் ரோஸ்மில்க் வாங்கிட்டு வந்தான்.  அந்த ஜோர்ல அய்யலுசாமி சப்மிட்டை அமுக்கிட்டார். ஒரே அமுக்கு. வாழ்க்கையில முதல் தடவை.

வாசிக்கல.

யாருக்கு வாசிக்கிறது? பொன்பாண்டியோட வீட்ல இருந்து யாரும் வரல. அவன் எதிர்ல உக்காந்து பார்த்துக்கிட்டேதானே இருந்தான். சாயங்காலம் வந்த குருவம்மாகிட்டயும் அதைச் சொல்லல.

வாடகைக்கு ரசீது எழுதி அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி வெச்சுக்கோ, யாராச்சும் கேட்டா காட்டணும்னு மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். பொன்பாண்டியும் கேஸ் கனெக்ஷன் பேப்பர்னு சொல்லி அம்மாகிட்ட வரிசையா கையெழுத்து வாங்கிட்டான்.

இங்கதான் பொன்பாண்டி அவன் அம்மாவைக் கொறச்சு எடை போட்டுட்டான். ராமுத்தாய் எட்டாவது படிச்சவங்க. தெருவுல மகளிர் குழு நடந்தப்ப பொருளாளரா இருந்தவங்க. கண்ணாடி கையில இல்லாததால என்ன எழுதியிருக்குன்னு படிக்க முடியலயே தவிர, ஒவ்வொரு தாள்லயும் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறது நல்லா தெரிஞ்சுச்சு. ஸ்டாம்பு மேல கையெழுத்துன்னா காசு கைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். குழுவுல அவங்களே எத்தனை பேருக்குச் சொல்லிக்குடுத்தது.

அதனால கையெழுத்து போட்டுட்டு, காசு வரும்னு காத்திருந்தாங்க.

வரல. மகன் அந்தத் தாளை வெச்சிருந்த பீரோவைத் திறந்து கண்ணாடி போட்டுப் படிச்சுப் பார்த்தாங்க. எல்லாம் வாடகை ரசீது. பின்னாடி இந்தக் கடையோட சீட்டு ஒண்ணு குத்தியிருந்துச்சு. கிளம்பி வந்துட்டாங்க.

இதையெல்லாம் அவங்க அத்தனை கூட்டத்துக்கு நடுவுல நின்னு, ஒரு படபடப்பும் இல்லாம சொன்னாங்க. கோவமாக்கூட இல்ல. கடைசியா குருவம்மாள் பக்கம் திரும்பி ஒண்ணு சொன்னாங்க பாருங்க.

“வாடகைக்கு இருக்கான்னா காசு குடுக்கட்டும். குடுக்கலைன்னா வீட்டைக் காலி பண்ணட்டும். இன்னிக்கே கேக்கப் போறேன். அதுக்கு முன்னாடி, எனக்கு எவ்வளவு வரணும்னு நீங்க சொல்லிடுங்க தாயி.”

விளையாட்டுக்குச் சொல்லல அவங்க. வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்புல சொருகிட்டு வந்திருந்தாங்க.

கூட்டத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. குருவம்மாள் சிரிக்கல. அய்யலுசாமியை ஒரு தடவை பார்த்தாங்க. அவர் எந்திரிச்சு நின்னார். வாசிக்காமலே சப்மிட் அமுக்கிட்டேன்னு சொன்னார். 

அவங்க திட்டல. லேப்டாப்பை மூடி அவர் கையில குடுத்தாங்க.

“வீட்டுக் கணக்கை வீட்ல போய் வாசிப்போம், வாங்க.”

ஷட்டரைப் பாதி இறக்கிட்டாங்க. கடைசி ஞாயித்துக்கிழமை, உள்ள அத்தனை பேரு. ஒரு வாத்தியார் கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். நர்ஸம்மா டூட்டிக்குப் போகணும்னாங்க. ஒரு மணி நேரத்துல வந்துடுறேன், எல்லாரும் போய் காப்பி குடிச்சுட்டு வாங்கன்னு சொல்லிட்டு குருவம்மாள் நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. முன்னாடி ராமுத்தாய், நடுவுல குரு, பின்னாடி லேப்டாப்பைக் குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு சிஷ்யன்.

ராமுத்தாய் வழியில ரெண்டு இடத்துல நின்னாங்க. செருப்பைச் சரி பண்றேன்னு சொன்னாங்க.

வீட்டுக்குப் போனா, பொன்பாண்டி டிவி பார்த்துட்டு இருந்தான். பொண்டாட்டி நாகஜோதி பூண்டு உரிச்சுட்டு இருந்தா. ஹால் நடுவுல ஒரு காலி வாளி. போன ஐப்பசி மழைக்கு ஒழுகின இடத்துல வெச்சது, அப்படியே இருக்கு. தளம் பூச காசு இல்லைன்னு மகன் சொல்லிட்டதால வாளிக்கும் எந்திரிச்சுப் போக வழியில்லாமப் போச்சு.

கடை ஆளுங்க வீட்டுக்கே வந்ததும் பொன்பாண்டி ரீஃபண்டுதான் வந்துடுச்சோன்னு எந்திரிச்சான். அம்மா முகத்தைப் பார்த்ததும் திரும்ப உக்காந்தான்.

குருவம்மாள் டிவியை நிறுத்தச் சொன்னாங்க. அன்னிக்கு ஒரு வேலை பாக்கி நின்னுபோச்சு, அதை முடிச்சுட்டுப் போயிடுறோம்னாங்க. அப்புறம் திரும்பி, “அண்ணாச்சி, வாசிங்க.”

அய்யலுசாமி லேப்டாப்பைத் திறந்தார்.  பட்டனை அமுக்க அவ்வளவு ஆசைப்பட்ட மனுஷனுக்கு இப்ப முதல் வரியைத் தொடவே நேரம் பிடிச்சுது. 

“நான் பொன்பாண்டி,” அவர் ஆரம்பிச்சார். “நான் என் அம்மா வீட்ல குடியிருக்கேன். மாசாமாசம் ஒண்ணாம் தேதி அம்மா கையில ஒன்பதாயிரம் ரூபா வாடகை குடுக்கிறேன்.”

நாகஜோதி சிரிச்சுட்டா. சத்தமாவே சிரிச்சா. அப்புறம் மாமியார் சிரிக்கலைன்னு பார்த்துட்டு பூண்டுப் பக்கம் குனிஞ்சுக்கிட்டா.

“அம்மாவுக்கு இந்த வருஷம் முழு உடம்பு செக்கப் பண்ணினேன். கோயில் திருப்பணிக்கும் குடுத்தேன்.”

ராமுத்தாய் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாங்க. அந்தச் செக்கப் வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னாங்க. அவர் வாசிச்சார். இன்னொரு தடவைன்னாங்க. அவர் திரும்பவும் வாசிச்சார். அவங்க தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாங்க, பேரனோட ரேங்க் கார்டைக் கேக்குற மாதிரி.

“இதுல இருக்கிற பையன் ரொம்ப நல்ல பையனா இருக்கானே தம்பி,” அய்யலுசாமியைப் பார்த்துச் சொன்னாங்க. “இவனை நான் பார்த்ததே இல்லையே. எங்க இருக்கான்? வீட்டுக்கு வரச் சொல்லுங்க.”



பொன்பாண்டிதான் முதல்ல சுதாரிச்சான். அம்மாகிட்ட பேச முடியாம அய்யலுசாமி மேல பாய்ஞ்சான். நீங்கதானே போட்டீங்க, நானா சொன்னேன், ஃபீஸ் வாங்கிட்டு வீட்டுக்கு வந்து மானத்தை வாங்குறீங்களான்னு எகிறினான். அய்யலுசாமி நான்தான் போட்டேன்னு ஒத்துக்கிட்டார். அதுக்கு மேல அவன் யார்கிட்ட சண்டை போடுறது? அம்மாகிட்ட திரும்பினான்.

“ம்மா, எல்லாரும் இப்படித்தான்மா போடுறாங்க.”

“எல்லாரும் அவங்கவங்க அம்மாவுக்கு வாடகை குடுக்காங்களா?”

“போடுறாங்கம்மா.”

“அப்ப நான் ஒருத்திதான் வாங்கலையா?”

நாகஜோதி இந்தத் தடவை முந்தானையால வாயை மூடிக்கிட்டா.

பொன்பாண்டி ஒரு சமாதானத்துக்கு வந்தான். ரீஃபண்ட் வரட்டும், பாதி அம்மாவுக்குன்னான். ராமுத்தாய் சாவிக்கொத்தை எடுத்து மடியில வெச்சாங்க. முழுசும் அம்மாவுக்கேன்னான். அவங்க சாவியைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. வாடகையை இப்பவே மொத்தமா குடுத்துடுறேன், கணக்கு சரியாயிடும்லன்னு குருவம்மாகிட்ட கேட்டான்.

போன வருஷம் நடக்காததை இன்னிக்கு உக்காந்து நடத்த முடியாதுன்னு குருவம்மாள் சொன்னாங்க. தப்பைத் திருத்தி இன்னொரு கணக்கு போடலாம், அதுக்கு வழி இருக்கு, ஆனா வரி கட்ட வேண்டியிருக்கும், பச்சை எழுத்து இருக்காதுன்னாங்க. திருத்துறதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும், ஓடிபி உங்க போனுக்குத்தான் வரும்.

பொன்பாண்டி வாளியைப் பார்த்தான். பொண்டாட்டியைப் பார்த்தான். அவ டப்புன்னு ஒரு பூண்டை நசுக்கினா. அதுல ஏதோ சொல்லியிருக்கா போல.

“சரி, திருத்துங்க,” அப்படின்னான்.

அய்யலுசாமி ஒவ்வொரு வரியா வந்தார். இந்தத் தடவை விரலு ஓடல. ஒவ்வொண்ணுக்கும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“வாடகை. எடுத்துடட்டுமா அக்கா?”

“எடுங்க. பெத்தவ வீட்ல மகன் வாடகைக்கு இருக்கான்னு தெருவுல தெரிஞ்சா எனக்குத்தான் கேவலம்.”

சாவிக்கொத்து மடியில இருந்து திரும்ப இடுப்புக்குப் போச்சு. பொன்பாண்டி அதைக் கவனிச்சான். மூச்சு விட்டான்.

“திருப்பணி நன்கொடை.”

எந்தக் கோயில்னு ராமுத்தாய் மகன்கிட்ட கேட்டாங்க. அவன் காதைச் சொறிஞ்சான். அதையும் எடுக்கச் சொல்லிட்டாங்க.

“அம்மாவுக்கு உடம்பு செக்கப்.”

ராமுத்தாய் சேலைத் தலைப்பை மடிச்சு, பிரிச்சு, திரும்ப மடிச்சாங்க. அய்யலுசாமி காது கேக்கலையோன்னு இன்னொரு தடவை கேட்டார்.

“அதை மட்டும் விட்டுடுங்க தம்பி,” மெதுவாச் சொன்னாங்க. “அது இருந்துட்டுப் போகட்டும்.”



பொன்பாண்டி எந்திரிச்சு வந்து அம்மாவுக்கு எதிர்ல தரையில உக்காந்தான்.

“என்னம்மா பண்ணுது?”

“ஒண்ணுமில்லடா.”

“ம்மா.”

“நடந்தா மூச்சு வாங்குது. தைப்பொங்கல்ல இருந்து. படி ஏறினா இங்க பிடிக்குது.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினாங்க.

ஏன் சொல்லலைன்னு கேட்டான். தளம் பூசவே காசு இல்லைன்னவன்கிட்ட என்னத்தச் சொல்லன்னு அவங்க கேட்டாங்க. அவன் தலை தொங்கிப்போச்சு. செருப்பைச் சரி பண்ண அவங்க ரோட்டுல எதுக்கு நின்னாங்கன்னு அய்யலுசாமிக்கு அப்பத்தான் உறைச்சுது. கீபோர்டுல இருந்து கையை எடுத்துட்டார். இந்த ஒரு வரியை விட்டா என்னன்னு குருவம்மாளைப் பார்த்தார். சின்ன வரிதான். யாரும் கேக்கப் போறதில்ல.

குருவம்மாள் ராமுத்தாய் பக்கத்துல போய் உக்காந்தாங்க.

“அது நடக்கலையே யம்மா. எடுத்துத்தான் ஆகணும்.”

ராமுத்தாய் சரின்னு தலையாட்டினாங்க. கண்ணு மட்டும் லேப்டாப் மேலயே இருந்துச்சு.

“எடுத்துடுங்க அண்ணாச்சி.” சொன்னது பொன்பாண்டி.

எடுத்தார். பச்சை எழுத்து போயிடுச்சு. சிவப்புல ஒரு தொகை வந்துச்சு. பொன்பாண்டி அங்கேயே போன்ல கட்டினான். கட்டுறப்ப மூஞ்சி வேப்பங்காய் தின்ன மாதிரிதான் இருந்துச்சு, அதையும் சொல்லிடணும்ல.

அமுக்குறதுக்கு லேப்டாப்பைக் குருவம்மா பக்கம் நகர்த்தினார் அய்யலுசாமி. அவங்க திரும்ப அவர் பக்கமே நகர்த்திட்டாங்க.

அவர் உடனே அமுக்கல. முதல் வரியில இருந்து ஆரம்பிச்சார். நான் பொன்பாண்டி. நான் என் அம்மா வீட்ல குடியிருக்கேன். அதுக்கப்புறம் அம்மாவைப் பத்தி ஒரு வரியும் இல்ல. சம்பளம், பி.எஃப், வண்டி லோன்... இல்ல, அது கணக்குல வராது. அவ்வளவுதான். ரொம்பச் சின்னக் கணக்கா இருந்துச்சு. வாசிச்சு முடிச்சுட்டு எல்லார் முகத்தையும் பார்த்தார். சப்மிட்டை அமுக்கினார். நாற்காலியில குதிக்கல, நாற்காலியே இல்ல, பாயிலதான் உக்காந்திருந்தார்.

பொன்பாண்டி ஓடிபியைச் சொன்னான். முடிஞ்சுது.

குருவம்மாள் எந்திரிச்சப்போ அவன் பின்னாலயே வாசல் வரைக்கும் வந்தான். இப்ப நிஜமாவே செக்கப் பண்ணினா அடுத்த வருஷம் கணக்குல போடலாமா மேடம், அதுக்கு எந்த பில்லு வாங்கணும், ஆஸ்பத்திரியில என்னன்னு கேக்கணும்னு ஆரம்பிச்சான். ஆளு மாறவே இல்ல பாருங்க.

உள்ள இருந்து ராமுத்தாய் குரல் வந்துச்சு.

“பில்லை அப்புறம் பாத்துக்கலாம். வண்டியை எடு.”

குருவும் சிஷ்யனும் தெருவுல இறங்கினாங்க. வெயில் மண்டையைப் பிளக்குது. கடை வாசல்ல கூட்டம் கத்திட்டு இருக்கும், ரெண்டு பேரும் எட்டி வெச்சுத்தான் நடந்தாங்க. கொஞ்ச தூரம் போறதுக்குள்ள பின்னாடி ஹாரன் சத்தம். பொன்பாண்டி வண்டி. பின்னாடி ராமுத்தாய், ஒரு கையால மகன் தோளைப் பிடிச்சுக்கிட்டு, மறு கையில பழைய மஞ்சப்பை. நாகஜோதி வாசல்ல நின்னு, அத்தை மாத்திரைச் சீட்டை எடுத்தீங்களான்னு கத்துறது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. வண்டி அவங்களைத் தாண்டி ஆஸ்பத்திரி ரோட்டுப் பக்கம் திரும்பிடுச்சு.

அய்யலுசாமிக்கு மனசு ஆறல.

“குருவே, அந்தம்மாவுக்கு அவ்வளவு பிடிச்சுப்போன பையன். என் கையாலயே அவனை அழிச்சுட்டேனே.”

குருவம்மாள் வெயிலுக்குத் தலையில முந்தானையைப் போட்டுக்கிட்டாங்க.

“பேப்பரை விட்டுக் கிளம்பினாத்தானே அண்ணாச்சி அவன் வீட்டுக்கு வர முடியும்.”

அய்யலுசாமி கடை வந்ததும் ஷட்டரைத் தூக்கினார். அடுத்த ஆளை உக்கார வெச்சார். கூட வீட்ல இருந்து யாரு வந்திருக்காங்கன்னு கேட்டார்.

ஆமா, உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் பேப்பர்லயே தங்கிட்டாரா?